புதிதல்ல, எறிய வேண்டாம்

போன மாதம் மியூசியத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டைத் தேடி வந்தார்கள். பழைய மர அலமாரிகளைக் காலி செய்து எல்லாவற்றையும் இரும்பு அலமாரிகளுக்கு மாற்றுகிறார்களாம். பவளக் கற்கள் இருந்த அலமாரியின் அடித்தட்டில், ஒரே துணியில் சுற்றி, மூன்று வெள்ளைக் கற்களும் ஒரு சின்னத் துண்டும் கிடைத்தனவாம். மியூசியத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கெல்லாம் சீட்டு ஆங்கிலத்தில் இருக்க, இவற்றுக்கு மட்டும் தமிழில் இருக்கிறது: "புதிதல்ல. எறிய வேண்டாம்." யார் எழுதியது, ஏன் எழுதியது என்று கேட்டார்கள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர்கள் விடவில்லை, மியூசிய ஊழியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று காகிதத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார். அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. இனி சொன்னால் தப்பில்லை என்று நினைக்கிறேன். கல்லைப் பார்த்துவிட்டு எவனாவது எறிந்துவிட்டால் அதுதான் தப்பு.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. என்னையும் அங்கேயே நுழைத்துவிடலாம் என்று பார்த்தார், நடக்கவில்லை. பத்தொன்பது வயதில் மியூசியத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தேன். மெட்ராஸில் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள், இங்கே வந்தவர்களுக்கும் அதே பேச்சு. பையனுக்குக் காலேஜில் வேலை என்று அப்பா நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லி, எந்தக் காலேஜ் என்பதை மட்டும் விழுங்கிவிடுவார். பறவைத் தோலை உரித்துப் பஞ்சு அடைப்பது, பாம்பைச் சாராயத்தில் போடுவது, பூச்சிக்கு ஊசி குத்துவது என்று ஏழெட்டு வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். சனிக்கிழமைகளில் பித்தளைத் தட்டுகளையும் மலாய்க் கிரிஸ் கத்திப் பிடிகளையும் புளி போட்டு விளக்குவதும் என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர். மியூசியத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையே ஒருமுறை தட்டில் முகம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. கதையே இந்தப் புளியில்தான் இருக்கிறது.

கனகசபை ஐயா என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கு அடுத்தபடி கடல் பொருள்கள் முழுவதும் அவர் பொறுப்பு. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. எந்த வெயிலிலும் ஒரு பொத்தான்கூடக் கழன்றிருக்காது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சீட்டில் எழுத்து ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், ஒன்றும் பேசாமல் சீட்டை மேசை ஓரத்துக்கு நகர்த்திவிடுவார். அது திரும்ப எழுத வேண்டிய சீட்டு. ஒரே சீட்டை நான் ஐந்து முறை எழுதியிருக்கிறேன். கல்லை வெறும் மேசையில் வைக்க விடமாட்டார். கம்பளித் துணி விரித்து அதன் மேல்தான் வைக்க வேண்டும். சந்தோஷம் வந்தால் பென்சில் சீவுவார். கோபம் வந்தாலும் பென்சில்தான் சீவுவார். எது என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

பவளக்கல்லை அவர் முருகைக்கல் என்பார். அவர்கள் ஊரில் வீட்டுச் சுவரே அந்தக் கல்லில்தானாம். அதைக் கழுவுவதற்கு அவர் எனக்குச் சொன்ன முறை ஒரே வரி.

"முருகைக்கல்லுக்குத் தண்ணியும் வெயிலும் போதும். மூண்டாவது ஒண்டும் படக்கூடாது."

கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வெளியே, கலங்கரை விளக்கு இருக்கும் சின்னத் தீவு ஒன்று உண்டு. அங்கே கடல் எப்போதும் கலங்கல். சேற்றுத் தண்ணீரில் பவளம் வளராது என்பது புத்தகங்கள் சொல்வது. ஆனால் பாக் உசேன் என்ற மலாய்ப் படகுக்காரர், பௌர்ணமிக்குத் தண்ணீர் நன்றாக வற்றும்போது அங்கே கல் தலைகாட்டுகிறது என்று சொல்லியிருந்தார். நானும் ஐயாவும் ரயிலில் துறைமுகம் போய் அவருடைய படகில் ஏறினோம். முழங்கால் சேற்றில் நின்று, உளியும் சுத்தியலுமாக மூன்று கற்களைப் பெயர்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு பெரிய பூசணிக்காய் அளவு. ஐயா சேற்றில் நின்றபடியே ஆழம், இடம், உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று குறித்துக்கொண்டார். கோட்டுப் பொத்தான் அப்போதும் கழலவில்லை.

கல்லை மியூசியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நாற்றம் பிடித்த வேலை. நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் கல்லைத் தொங்கவிட வேண்டும். அடியில் படக்கூடாது. மேலே ஒட்டியிருக்கும் சதை அழுகிக் கரையும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் என்னோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். கல்லைத் தொங்கவிடச் செப்புக் கம்பிதான் பயன்படுத்த வேண்டும். அன்று செப்புக் கம்பி தீர்ந்துபோயிருந்தது. எழுதிக் கொடுத்து வாங்க இரண்டு நாள் ஆகும். நான் சோம்பேறித்தனப்பட்டு, கொல்லையில் கிடந்த இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எடுத்தால், மூன்று கல்லிலும் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்ட மாதிரி துருக்கறை. வெயிலில் காயவைத்தேன். வெள்ளை இன்னும் வெள்ளையாகி, கறை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நாளைக் காலை ஐயா பார்ப்பார். பார்த்தால் என் கம்பி தெரிந்துவிடும். துரு போக வழி தெரியாதவனா நான்? சனிக்கிழமைப் புளி ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பெரிய பானையில் கெட்டியாகக் கரைத்து மூன்றையும் முங்க ஊறவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் சீக்கிரமாக வந்து நார்த்தூரிகையால் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தேன். கறை போன இடம் தெரியவில்லை. ஐயா வந்து பார்த்து, நல்ல சுத்தம் என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பீப்பாயிலிருந்து எடுக்கும்போதே ஒரு கல்லின் ஓரம் உடைந்து, உள்ளங்கை அளவு துண்டு ஒன்று விழுந்தது. துகள் விழுந்தாலும் எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. நான் அதை நன்றாக அலசிக் காயவைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். குதிகால் தேய்க்க ஒரு கல் வேண்டும் என்று என் மனைவி பாக்கியம் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூ மாதிரி இருக்கிறதைக் காலில் தேய்க்கச் சொல்கிறீர்களே என்று என்னைத்தான் கடிந்துகொண்டாள். சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து, குங்குமமும் இட்டுவிட்டாள். துரு படாத, புளி படாத ஒரே துண்டு அது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் ஐயா அந்த மூன்று கற்களோடுதான் இருந்தார். பவளக்கல்லில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு உயிர் வாழ்ந்திருக்கும். கிண்ணத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் வரும். தகடு எத்தனை, எது நீளம், விளிம்பு எப்படி என்பதை வைத்துத்தான் இது இன்ன சாதி என்று சொல்வார்கள். ஐயா ஒரு கல்லில் ஐம்பது கிண்ணம் என்று கணக்கு வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக அளந்தார். லண்டனிலிருந்து படங்களும் பழைய நூல்களும் வரவழைத்தார். நான் பக்கத்தில் நின்று கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் விழவைப்பேன். சூரியன் நகர நகர நானும் நகர வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் பென்சில் சீவினார். ஒன்று சீவி முடித்து இன்னொன்று. பிறகு, பத்து வருஷத்தில் முதல்முறையாக, நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"இஞ்ச வாரும், ரெங்கசாமி. ஒருக்கால் பாரும். விளிம்பிலை பல்லுத் தெரியுதோ?"

"இல்லய்யா. வழவழன்னு இருக்கு."

"இல்லைத்தானே," என்றார். "இந்த வகையிலை எல்லாத்துக்கும் ரம்பம் மாதிரிப் பல்லிருக்கு. இதுக்கு மட்டும் இல்லை."

உலகத்தில் யாரும் இதுவரை எழுதாத பவளம் அது என்று விளக்கினார். துரையும் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டாராம். அதைவிடப் பெரிய விஷயம், கட்டுரையில் ஐயாவின் பெயர் மட்டும்தான் இருக்கும் என்று துரை சொல்லியிருந்தது. அதுவரை மியூசியத்திலிருந்து போன எந்தக் கட்டுரையிலும் நம் ஆள் ஒருவர் பெயர் தனியாக அச்சானதில்லை. மேலே ஒரு பெரிய பதவி காலியாக இருந்தது. இது வெளிவந்தால் அவருக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. கிள்ளான் என்ற பெயரை லத்தீனில் வளைத்து அந்தப் பவளத்துக்குச் சூட்டியிருந்தார். கட்டுரை நாடா கட்டி, அடுத்த வெள்ளிக்கிழமைத் தபாலுக்குத் தயாராக மேசையில் இருந்தது.

எனக்கு அன்று நிலைகொள்ளவில்லை. நான் சேற்றில் நின்று உடைத்த கல். என் சாமி மாடத்திலும் அதில் ஒரு துண்டு இருக்கிறது. அதையும் அந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. திங்கட்கிழமை துண்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். ஐயா சாப்பிடப் போன நேரத்தில் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தேன்.

பல் இருந்தது. வரிசையாக, ரம்பம் மாதிரி.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பெரிய கல்லை வைத்துப் பார்த்தேன், வழவழ. துண்டை வைத்தேன், பல். உடைந்த இடம் இரண்டையும் பொருத்தினால் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒரே கல்தான், ஆனால் ஒரு பாதிக்குப் பல், ஒரு பாதிக்கு இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால், பாக்கியம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் என் சனிக்கிழமைப் புளி ஜாடி நினைவுக்கு வந்தது. அவளிடம் கொஞ்சம் புளித்தண்ணீர் வாங்கி ஒரு கிண்ணத்தில் விட்டு, துண்டின் ஒரு முனை மட்டும் முங்கும்படி வைத்தேன். காலையில் எடுத்துப் போய்ப் பார்த்தேன். முங்கிய முனையில் பல் இல்லை. முங்காத முனையில் இருந்தது.

புதுப் பவளம் கடலில் பிறக்கவில்லை. என் புளிப் பானையில் பிறந்திருக்கிறது.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது நியாயமான கேள்விதான்.

"நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றேன். சொன்னால் வேலை போகுமா என்றாள். போகலாம், கம்பி ஒரு குற்றம், புளி ஒரு குற்றம், கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தது மூன்றாவது குற்றம் என்றேன். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் முழுவதும் எனக்குள் நான் எல்லாச் சமாதானமும் சொல்லிப் பார்த்தேன். லண்டனில் இருப்பவன் இந்தச் சேற்றுத் தீவுக்கா வரப்போகிறான்? ஐயாவுக்குப் பதவி கிடைக்கட்டும், எனக்கும் நிம்மதி. ஆனால் எவனாவது ஒருநாள் வந்து அதே இடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பார்த்தால், அசிங்கப்படப்போவது நான் இல்லை. அச்சில் பெயர் இருப்பவர்தான். வியாழக்கிழமை காலை நான் சட்டை மாட்டும்போது, பாக்கியம் அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து என் பையில் வைத்தாள்.

ஐயா தபாலோடு போக வேண்டிய கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். தலை நிமிராமல், சொல்லும் என்றார்.

"அந்த மூணு கல்லையும் நான் புளியில ஊற வெச்சேன்யா. துருக்கறை எடுக்க."

பேனாவைக் கீழே வைத்தார். பாதி வாக்கியத்தில் அவர் பேனாவை வைத்து நான் பார்த்ததே இல்லை. என்ன சொல்லப்போகிறார் என்று கைகட்டி நின்றேன். அவர் கேட்டது நான் எதிர்பார்த்தது அல்ல.

"எவ்வளவு நேரம்?"

சாயங்காலத்திலிருந்து காலைவரை என்றேன். புதுப் புளியா பழம் புளியா, மூன்றும் ஒரே தண்ணீரிலா, தேய்த்தது எந்தத் தூரிகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். துரு எப்படி வந்தது என்றார், கம்பியைச் சொன்னேன். துண்டை எடுத்துக் கம்பளித் துணியின் மேல் வைத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"இதிலை என்ன சிவப்பு?"

"குங்குமம்யா. வீட்டுல சாமிகிட்ட இருந்துச்சு."

மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான் பழக்கத்தில் கண்ணாடியை எடுத்து வெயிலைத் திருப்பினேன். கால் மணி நேரம் பார்த்திருப்பார். புளியில் முங்கிய முனை, முங்காத முனை, பிறகு பெரிய கற்கள், மறுபடி துண்டு. கடைசியில் நிமிர்ந்து, "ஓம். பல்லு இருக்கு," என்றார்.

இதை யாரிடமாவது சொன்னீரா என்று கேட்டார். வீட்டில் மட்டும் என்றேன். "வேறை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். போய் வேலையைப் பாரும்," என்றார்.

மறைக்கப்போகிறார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அவர் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்ததும் உண்மை. இரண்டையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பியூன் வந்து தபால்களை அள்ளிக்கொண்டு போனான். நாடா கட்டிய அந்தக் கட்டு அதில் இல்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மறுபடி தீவுக்குப் போனோம். "பாத்து லாகி?" என்று பாக் உசேன் சிரித்தார். இன்னும் கல்லா, உங்கள் மியூசியத்தைக் கல்லால் கட்டப்போகிறீர்களா என்றும் கேட்டார். ஆறு கற்கள் எடுத்தோம். செப்புக் கம்பி, தண்ணீர், வெயில். ஆறிலும் பல் இருந்தது. புத்தகத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்பே பெயர் வைத்த சாதாரணப் பவளம். கிள்ளான் பெயரில் பவளம் எதுவும் இல்லை என்று முடிவானது.

துரையிடம் ஐயா என்ன சொன்னார் என்பது எனக்குப் பல வாரம் கழித்துத் தலைமைக் கிளார்க் வாயிலாகத்தான் தெரிந்தது. 'நான் பார்த்ததில் பிழை, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்திருக்கிறார். புளி இல்லை, கம்பி இல்லை, என் பெயர் இல்லை. இவர் கவனமாகப் பார்ப்பவர் அல்ல என்று துரை ரகசியக் குறிப்பில் எழுதினாராம். கவனமாகப் பார்ப்பவர் அல்ல, கனகசபை ஐயா. மேல் பதவிக்குச் சிங்கப்பூரிலிருந்து வேறு ஒருவர் வந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் பெயரை ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் அவரையே கேட்டுவிட்டேன். அவர் அந்த மூன்று கற்களையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"கழுவினது நீர். பாத்தது நான்," என்றார். "என்ன பட்டதெண்டு பாக்கிறவன்தான் முதல் கேட்டிருக்க வேணும்."

சீட்டு எடுத்துத் தமிழில் எழுதித் துணிக்குள் வைத்தார். துரைக்குப் புரியக்கூடாது என்றா, எனக்குப் புரிய வேண்டும் என்றா, தெரியாது. சாமி மாடத்துத் துண்டுக்கும் நம்பர் போட்டு அதோடு சேர்த்தார். அதை வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கல் எங்கே என்று பாக்கியமும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு புது வழக்கம் வந்தது. சங்கோ சிப்பியோ கல்லோ, எதைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தாலும், தொடுவதற்கு முன்னால் கேட்பார்: "இதிலை என்ன பட்டது?" நான் சொல்வேன்: "தண்ணி, வெயில், ஐயா." பிறகுதான் கையில் எடுப்பார். ஒன்பது வருஷம் இப்படி. ஒரு நாளைக்குப் பத்துப் பொருள் வைத்தால் பத்து முறை கேட்பார். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் அந்தப் புளி ஜாடி என் கண்ணுக்கு முன்னால் வந்து போகும்.

அவர் ஓய்வுபெற்ற நாளில், மாலை மூன்று மணிக்கு எல்லாருக்கும் தேநீர் வைத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு நான் ஒரு கல்லைக் கொண்டுபோனேன். முந்தின மாதம் வந்து, கழுவி முடித்த கல். கம்பளித் துணியை விரித்து அதன் மேல் வைத்துவிட்டு, கேள்விக்காக நின்றேன். அவர் கல்லைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சீட்டை எழுதி, மை காயும்வரை ஊதி, கல்லோடு என் பக்கம் நகர்த்தினார்.

நான் நகரவில்லை. ஏன் நிற்கிறீர் என்றார்.

"நீங்க கேக்கலையேய்யா."

அவர் கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு எழுந்தார்.

"கழுவினது நீர்தானே," என்றார்.

கல்லை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தேன்.